20 அடி கராஜுக்குள் பெரிய பிக்அப் நிற்குமா?

கேள்வி இதுதான்: அமெரிக்கப் புறநகரில் வீடு, இரண்டு கார் கராஜ். வரைபடத்தில் 20 அடிக்கு 20 அடி என்று போட்டிருக்கிறது. கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம். இடது பக்கம் டொயோட்டா கேம்ரி கார் நிற்கிறது. வலது பக்கத்தில் நான்கு கதவு ஃபோர்டு எஃப்-150, அதாவது சூப்பர்க்ரூ, ஐந்தரை அடி பெட் (பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி) கொண்டது, வாங்கி நிறுத்தலாமா?

இன்றைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள். உங்கள் வரைபடத்தில் இருக்கும் 20 அடி, சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து அளந்ததாக இருந்தால் வண்டி நிற்காது. உள்ளே அளந்ததாக இருந்தால் நாலு இன்ச் மிச்சத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஏழெட்டு இன்ச் வித்தியாசம் இருக்கிறது. உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க அந்த இடைவெளியில்தான் கிடக்கிறது.

வண்டியின் கணக்கை முதலில் பார்ப்போம். நீங்கள் சொல்லும் எஃப்-150 சுமார் 232 இன்ச் நீளம். செவ்ரோலெ சில்வராடோவில் நான்கு கதவு, குட்டை பெட் எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே நீளம். ரேம் 1500 சுமார் 233. 2022 மாடல் முதல் வரும் டொயோட்டா டண்ட்ரா க்ரூமேக்ஸ் 234ஐத் தொடுகிறது. கம்பெனி மாறினாலும் பெரிய வித்தியாசம் இல்லை, எல்லாமே இரண்டு இன்ச்சுக்குள் அடங்கிவிடும். நீளத்தை மாற்றுவது பெட்தான். அதே நான்கு கதவு வண்டியில் ஆறரை அடி பெட் கேட்டால் 241க்கும் 246க்கும் நடுவில் போய்விடும். 20 அடி என்பது 240 இன்ச். ஆகவே நீள பெட் பற்றிய பேச்சே உங்களுக்கு வேண்டாம்.

இப்போது கராஜின் கணக்கு. கட்டட வரைபடங்களில் பெரும்பாலும் சுவரின் மரச்சட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரைதான் அளவு போடுவார்கள். வழக்கமான சுவரில் சட்டம் மட்டும் மூன்றரை இன்ச், அதன் மேல் அரை இன்ச் டிரைவால், அதாவது ஜிப்சம் பலகை. பின்சுவருக்கு 4 இன்ச் போயிற்று. முன்சுவருக்கு மூன்றரை. இதோடு நிற்காது, கராஜ் கதவு சுவருக்குள் உட்காருவதில்லை. சுவரின் உள்முகத்தை ஒட்டி அதற்கும் உள்ளே இறங்குகிறது. கதவுப் பலகையின் தடிப்பு, அதன் மேல் குறுக்கே அடித்திருக்கும் இரும்புப் பட்டை, கீல் எல்லாம் சேர்த்து இன்னும் நாலு இன்ச் வரை தின்றுவிடும். 240இல் தொடங்கியது 228, 229இல் வந்து நிற்கும். 232 இன்ச் வண்டி அதற்குள் போகாது. உள்ளளவே 240 என்றால் கதவுக்கு நாலைக் கழித்து 236 மிஞ்சும்.

அதனால் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுக் கதவை மூடி, உள்ளே நின்று, கதவின் உள்முகத்தில் அதிகம் துருத்திக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து பின்சுவர் வரை அளங்கள். எந்த உயரத்தில் அளக்கிறீர்கள் என்பது முக்கியம். பிக்அப் ஒரு பெட்டி அல்ல. அதன் முழு நீளம் பம்பர் உயரத்தில் மட்டும்தான் இருக்கிறது, தரையிலிருந்து ஏறக்குறைய 20 முதல் 30 இன்ச் வரையான பட்டையில். அதற்குக் கீழே டயர்கள் நன்றாக உள்வாங்கியிருக்கும். மேலே பானெட்டும், பெட்டின் பின்கதவான டெயில்கேட்டும் சில இன்ச் உள்ளே இருக்கும். பின்சுவரின் அடியில் கான்கிரீட் திட்டு நீட்டிக்கொண்டிருந்தால் கவலைப்படாதீர்கள், பம்பர் அதன் மேலே போய்விடும். ஆனால் அதே சுவரில் இரண்டடி உயரத்தில் ஒரு குழாயோ மின்பெட்டியோ அலமாரியோ இருந்தால் உங்கள் கராஜின் ஆழம் அதுவரைதான். வீட்டுக்குள் போகும் படிக்கட்டு வலது பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பிக்அப்பை இடது பக்கம் மாற்ற முடியுமா என்று யோசிப்பதுதான் முதல் வேலை.

வண்டியையும் கம்பெனி சொல்லும் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்த எண்ணில் டிரெய்லர் இழுக்கப் போடும் பந்துக் கம்பி சேராது. அதை மாட்டியபடியே விட்டால் எட்டு இன்ச்சாவது கூடும். கழற்றி உள்ளே வைப்பது ஒரு நிமிட வேலை, ஆனால் தினமும் செய்ய வேண்டும். முன் நம்பர் பிளேட் பிடிப்பான், பின்பக்கம் ஏறும் படி, கடையில் போட்டுக்கொள்ளும் இரும்பு பம்பர் எல்லாமே கணக்கில் சேரும். நாலு இன்ச் மிச்சம் இருக்கும் இடத்தில் ஒரு பிளேட் பிடிப்பான்கூட தெரியும்.

குறுக்காக, கொஞ்சம் சாய்த்து நிறுத்தினால் இடம் கிடைக்காதா என்று பலர் கேட்பார்கள். கிடைக்காது. 80 இன்ச் அகலமும் 232 இன்ச் நீளமும் உள்ள ஒரு செவ்வகத்தைச் சாய்க்கத் தொடங்கினால், அதற்குத் தேவைப்படும் ஆழம் முதலில் கூடத்தான் செய்யும். நேராக நிற்பதைவிடக் குறைவான ஆழம் வேண்டுமென்றால் சுமார் 38 டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டும். அப்படிச் சாய்த்தால் 17 அடிக்கு மேல் அகலம் தேவை. கேம்ரியை விற்றாலும் அந்தக் கதவு வழியாக அப்படி நுழைய முடியாது.

டிரைவாலை வெட்டிச் சுவருக்குள் பம்பருக்குப் பள்ளம் எடுக்கலாம் என்ற யோசனையும் அடிக்கடி வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். சட்டங்கள் வழக்கமாக 16 இன்ச்சுக்கு ஒன்றாக நிற்கின்றன, இரண்டு சட்டத்துக்கு நடுவில் கிடைப்பது பதினாலரை இன்ச் அகலம். பம்பர் ஆறடிக்கும் மேல் அகலம். டிரைவாலை முழுக்க உரித்தால் கிடைப்பது அரை இன்ச். அந்த அரை இன்ச்சுக்காக நீங்கள் இழப்பது வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவில் இருக்கும் நெருப்புத் தடுப்பை. பெரும்பாலான ஊர்களில் பின்பற்றப்படும் கட்டட விதி, வீட்டை ஒட்டிய கராஜ் சுவரில் குறைந்தது அரை இன்ச் டிரைவாலைக் கேட்கிறது. மேலே படுக்கையறை இருந்தால் கூரைக்கு இன்னும் தடித்த, நெருப்பு தாங்கும் பலகை வேண்டும். பின்சுவர் ஓரமாக வாட்டர் ஹீட்டரோ வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸோ இருந்தால் அது வேறு விஷயம். வண்டி இடிக்காதபடி அதற்கு முன்னால் இரும்புத் தூண் நட வேண்டியிருக்கும், தூணுக்கும் இடம் போகும்.

அடுத்து நான் சொல்லப் போவதை வண்டி வாங்கும் ஆட்கள் யாரும் சொல்வதில்லை, ஆனால் இறுக்கமான கராஜில் இதுதான் அதிகம் சேதம் செய்கிறது. 1993 முதல் அமெரிக்காவில் தயாராகும் கராஜ் ஓப்பனர்களில், அதாவது கதவை ஏற்றி இறக்கும் மோட்டார்களில், கதவுக்குக் கீழே யாராவது மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பாதுகாப்பு ஏற்பாடு கட்டாயம். அதற்காகத்தான் கதவின் இரண்டு பக்கமும் சின்னக் கண்கள் பொருத்தியிருப்பார்கள். நடுவில் ஏதாவது இருந்தால் கதவு இறங்காது. அந்தக் கண்கள் தரையிலிருந்து ஆறு இன்ச்சுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி, குழந்தையோ நாயோ மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. பிக்அப்பின் பின் பம்பரோ அதைவிட வெகு உயரம். பின் டயரும் பம்பரிலிருந்து நன்றாக முன்தள்ளி இருக்கிறது. வண்டியின் பின்பகுதி கதவுப் பாதையில் ஒரு இன்ச் நீட்டிக்கொண்டிருந்தாலும், அந்த ஒளிக்கதிர் பம்பருக்கு அடியில் தடையில்லாமல் போய்விடும். ஓப்பனருக்கு எல்லாம் சரி என்றுதான் தெரியும். கதவு இறங்கிப் பம்பரில் மோதிய பிறகுதான் திரும்பி ஏறும். அதற்குள் கதவுப் பலகை மடங்கியிருக்கும், டெயில்கேட்டில் கோடு விழுந்திருக்கும். பம்பரைத் தொட்டும் தொடாமலும் உரசி இறங்கினால் திரும்பக்கூடச் செய்யாது.

கண்களை மேலே தூக்கி வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது குழந்தைகளுக்காக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். வேண்டுமானால் பம்பர் உயரத்தில் கூடுதலாக இன்னொரு ஜோடி பொருத்த முடியுமா என்று உங்கள் ஓப்பனருக்குத் தகுந்தபடி கேட்டுப் பாருங்கள். அதைவிட எளிய வழி, வண்டி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கும்படி செய்வது. நூலில் கட்டித் தொங்கவிட்ட டென்னிஸ் பந்து நல்ல உத்திதான், ஆனால் ஓட்டுபவர் தலையைச் சாய்த்தாலே ஓரிரு இன்ச் மாறிவிடும். வண்டியின் பார்க்கிங் சென்சாரும் இந்த இடத்தில் உதவாது. சுவருக்கு ஓரடி இருக்கும்போதே விடாமல் கத்தத் தொடங்கிவிடும், கடைசி இரண்டு இன்ச்சை உங்களுக்குச் சொல்லாது. தரையில் போல்ட் போட்டு இறுக்கிய டயர் தடுப்புக்கட்டைதான் என் தேர்வு. முதல் தடவை ஒருவரை உள்ளே நிறுத்தி, முன் பம்பருக்கும் சுவருக்கும் ஒன்றரை அல்லது இரண்டு இன்ச் இருக்கும்படி வண்டியை மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்துங்கள். முன்டயர்கள் நேராக இருக்கட்டும். டயருக்கு முன்னால் கோடு போட்டு, கட்டையை அங்கே இறுக்குங்கள். வெறும் பசை வைத்து ஒட்டினால் கனமான வண்டி சில வாரங்களில் நகர்த்திவிடும்.

அகலத்தில் கதை வேறு மாதிரி. எஃப்-150 உடம்பு அகலம் 80 இன்ச். சைடு கண்ணாடிகளை விரித்தால் 96 இன்ச், மடக்கினால் 84. உங்கள் 16 அடிக் கதவு 192 இன்ச், அதில் சரிபாதி 96. அதாவது கண்ணாடியை விரித்துக்கொண்டு உங்கள் பாதிக்குள் நுழைந்தால் ஒரு இன்ச் கூட மிச்சமில்லை. மடக்கினால் 12 இன்ச் கிடைக்கும். பட்டனை அழுத்தினால் தானாக மடங்கும் கண்ணாடி வசதிக்குக் கூடுதல் பணம் கேட்டால், உங்கள் விஷயத்தில் யோசிக்காமல் கொடுங்கள். மற்ற அலங்காரங்களில் குறைத்துக்கொள்ளலாம். தனித்தனியாக இரண்டு 8 அடிக் கதவு உள்ள கராஜாக இருந்தால் மடக்காமல் நுழையவே முடியாது. எஃப்-150இன் ராப்டர் போன்ற அகல மாடல்கள் அங்கே கண்ணாடி மடக்கினாலும் மூச்சுமுட்டும்.

உள்ளே போன பிறகு சுவரை ஒட்டித் தள்ளி நிறுத்தி, நடுவில் இடம் விடலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள். சின்னக் காரில் அது முடியும். கராஜின் நீளமே தன் நீளமாக உள்ள வண்டியில் முடியாது. பக்கவாட்டில் நகர்த்த முன்னும் பின்னும் போக இடம் வேண்டும், அது இல்லை. கதவில் எந்தக் கோட்டில் நுழைகிறதோ அதே கோட்டில்தான் வண்டி நிற்கும். உங்கள் கராஜில் கதவின் இரு பக்கமும் 20 முதல் 24 இன்ச் வரை சுவர் இருக்கும். அதன் ஓரத்தை ஒட்டி நுழைந்தாலும் வலது சுவருக்கும் வண்டிக்கும் இரண்டடி விழும். அது வீணல்ல. பயணிகள் பக்கக் கதவைச் சிரமப்பட்டுத் திறக்கலாம், அல்லது அந்த இடத்தில் ஓரடி அகல அலமாரி போட்டுக்கொண்டு எல்லோரையும் கராஜுக்கு வெளியே டிரைவேயிலேயே (தெருவிலிருந்து கராஜுக்கு வரும் வண்டிப்பாதை) இறக்கிவிடலாம்.

கேம்ரி சுமார் 72 இன்ச் அகலம். அதை இடது பக்கம் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் இரண்டு வண்டிக்கும் நடுவில் மூன்றடி போலக் கிடைக்கும். இங்கே ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. அமெரிக்காவில் ஓட்டுநர் இடது பக்கம். பிக்அப் நேராக உள்ளே நுழைந்து வலது பக்கம் நின்றால் அதன் ஓட்டுநர் கதவு நடுவைப் பார்க்கும். கேம்ரியை ரிவர்ஸில் உள்ளே விட்டால் அதன் ஓட்டுநர் கதவும் நடுவைப் பார்க்கும். இரண்டு பேரும் ஒரே மூன்றடியைப் பங்கிட்டுக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் இறங்காதவரை. அப்புறம், கேம்ரி 16 அடிதான் நீளம். அதைக் கராஜ் கதவுப் பக்கம் தள்ளி நிறுத்தினால் உள்ளே மூன்றடிப் பாதை திறக்கும். பிக்அப்பின் முன்னாலும் பின்னாலும் ஆள் நடக்க வழியே இருக்காது என்பதால் வீட்டுக்குள் போக உங்களுக்கு அந்தப் பாதைதான் கதி. ஏதாவது தீப்பிடித்தால் வெளியேற வழியும் அதுதான். அதில் சைக்கிளையும் அட்டைப் பெட்டியையும் அடுக்காதீர்கள்.

உயரம் உங்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை, ஆனால் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். 7 அடி என்பது 84 இன்ச். நான்கு சக்கர இயக்கம் உள்ள எஃப்-150 சுமார் 77, மற்றவை பெரும்பாலும் 76க்கும் 78க்கும் நடுவில். ஆனால் பல வீடுகளில் கதவு முழுக்க மேலே போகாமல் அடிப்பலகை இரண்டு மூன்று இன்ச் தொங்கிக்கொண்டிருக்கும். ஓப்பனரில் மேல் எல்லையைச் சரிசெய்தால் அது தீரும். ஸ்பிரிங்கை மட்டும் நீங்களே தொடாதீர்கள். கதவின் முழுக் கனமும் அந்த ஸ்பிரிங்கின் இறுக்கத்தில்தான் நிற்கிறது, அதற்குப் பழகிய ஆள் வேண்டும்.

டிரைவே கராஜை நோக்கிக் கீழே சரிந்தால் கவனம் வேண்டும். முன்சக்கரம் சமதளத்திலும் பின்சக்கரம் சரிவிலும் இருக்கும்போது வண்டியின் நடுப்பகுதி தரையிலிருந்து எழும்பி நிற்கும். இந்த வண்டிகளில் இரண்டு அச்சுக்கும் இடையே சுமார் 145 இன்ச். கதவு சரியாக நடுவில் வரும்போது, நூறடிக்கு ஐந்தடி சரிவென்றால் ஏறக்குறைய 2 இன்ச், பத்தடி சரிவென்றால் மூன்றரை இன்ச் உயரம் கூடிவிடும். அதன் மேல் முன்பக்கம் தூக்கும் கிட், பெரிய டயர், கூரைக் கேரியர் என்று சேர்த்தால் நிலைச்சட்டத்தில் இடிக்கும். பனிக்காலத்தில் கூரையில் கிடக்கும் பனியும் இந்தக் கணக்கில் சேரும், தள்ளிவிட்டு உள்ளே விடுங்கள். டிரைவே தெருவை நோக்கிச் சரிந்தால், பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான், இந்தக் கவலை கிடையாது. காற்று சஸ்பென்ஷன் உள்ள ரேம் வண்டிகள் நிறுத்தும்போது இரண்டு இன்ச் போல இறங்கிக்கொள்ளும், உயரம் இடிக்கிறவர்களுக்கு அது உண்மையான உதவி.

அளந்து பார்த்ததில் இரண்டு மூன்று இன்ச் குறைகிறது என்றால் என்ன செய்வது? மேலே சுருண்டு ஏறும் கதவை எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு போட்டால் அது சுவரின் தடிப்புக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். வண்டிக்கு ஆறேழு இன்ச் வரை திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தக் கதவு திறக்க டிரைவேயில் இடம் வேண்டும், பனி கொட்டும் ஊரில் ஒவ்வொரு முறையும் வாசலைச் சுத்தம் செய்ய வேண்டும். முன்சுவரையோ பின்சுவரையோ தள்ளிக் கட்டுவது நடக்கும், அனுமதியும் பொறியாளர் கையெழுத்தும் வேண்டும். முன்பக்கம் தெருவிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்ற விதி பல இடங்களில் அதற்கு இடம் கொடுக்காது.

என்னைக் கேட்டால், 229 இன்ச் கராஜில் கட்டட வேலை தொடங்குவதைவிட வண்டியை மாற்றுவது நல்லது. டொயோட்டா டகோமா நான்கு கதவு, ஐந்தடி பெட் 213 இன்ச். ஃபோர்டு ரேஞ்சர் 211. ஹோண்டா ரிட்ஜ்லைன் 210. மேவரிக் 200தான். எஃப்-150யே வேண்டும் என்றால் இரண்டு கதவு, ஆறரை அடி பெட் 209 இன்ச்சில் கிடைக்கிறது, பின்னால் ஆள் உட்கார வேண்டாம் என்றால். பெரிய டிரெய்லர் இழுக்கத்தான் முழு அளவு பிக்அப் தேவை என்றால் வண்டியை வெளியே நிறுத்திவிட்டுக் கராஜை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், வண்டிக்கு ஒன்றும் ஆகிவிடாது.

இன்னொன்று. இந்த வண்டிகளில் போனிலிருந்தே இன்ஜினை ஓடவிடும் வசதி வருகிறது. மூடிய கராஜுக்குள் நிற்கும் வண்டியை அப்படி ஒருபோதும் ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் வீட்டுக்குள் புகுந்து ஆளைக் கொன்றுவிடும். கராஜில் நிறுத்துவதென்று முடிவானால் அந்த வசதியை அமைப்பிலேயே அணைத்துவிடுங்கள், வீட்டுக்குள் மோனாக்சைடு அலாரமும் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு 234க்கு மேல் வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் டீலரிடம் சொல்லி, நீங்கள் வாங்கப் போகும் அதே பெட், அதே பம்பர் உள்ள வண்டியை வீட்டுக்கு ஓட்டி வாருங்கள். கேம்ரி அதன் இடத்தில் நிற்கட்டும். பிக்அப்பை உள்ளே விட்டு, கதவை ஓப்பனரிலிருந்து விடுவிக்கும் சிவப்புக் கயிற்றை இழுப்பதற்கு முன் கதவைப் பாதிக்கு மேல் இறக்காதீர்கள். மேலே ஏறிய நிலையில் கயிற்றை இழுத்தால் ஸ்பிரிங் பலவீனமான கதவு சடாரென்று விழும், அதனால் ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் இழுக்கட்டும். பிறகு கையால் மெதுவாக இறக்குங்கள், பம்பரையும் டெயில்கேட்டையும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே. தரை வரை தொடாமல் இறங்கினால் உள்ளே நின்றபடி ஓட்டுநர் கதவைத் திறந்து ஏறி இறங்கிப் பாருங்கள், பின்சீட்டில் குழந்தை சீட் மாட்ட முடிகிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகு விலை பேசலாம்.